நீலியும் பியானோவும்

பயமும் சிரிப்பும் ஒரே இலையில் பரிமாறப்படுவது தமிழுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் அதைச் செய்துவிட்டார். பசியில் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி. பிறகு பந்தி: குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று ஆளுக்கொரு கேலி. அரசனின் வெற்றியைப் பாட வந்த நூலில் நமக்கு நினைவில் நிற்பது அந்தச் சமையற்கட்டுதான்.

ஜப்பானின் சிறு முதலீட்டுப் பேய்ச் சிரிப்புப் படங்கள் ஈர்ப்பதும் இதனால்தான். 2017இல் ஷினிச்சிரோ உவேடா எடுத்த ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ ஏறத்தாழ 30 லட்சம் யென்னில் முடிந்த படம். வசூல் அதைப் போல ஆயிரம் மடங்கு. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட்டில் செத்தவர்கள் துரத்துகிறார்கள். பிறகு அந்த ஷாட்டை எடுக்கப் பட்ட பாடு தெரிகிறது. அதைக் காப்பாற்றியவர்களில் இயக்குநரின் மனைவியும் மகளும் உண்டு. பயம் சமைக்கப்படும் விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது.

இவ்வகைக்கு மூத்தது நொபுஹிகோ ஓபயாஷியின் ‘ஹவுஸ்’ (1977). பெரிய ஸ்டுடியோவின் படம்தான். தந்திரக் காட்சிகள் வேண்டுமென்றே மலிவானவை. போருக்குப் போய்த் திரும்பாதவனுக்காகக் காத்திருந்தே செத்த ஒருத்தியின் வீடு, விருந்துக்கு வந்த பெண்களை விழுங்குகிறது: மெத்தை ஒருத்தியை, பியானோ ஒருத்தியை. ராஜபாளையத்தில் மாணவிகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி சொன்னாள்: “பியானோ ஒரே நாள்ல முழுங்கிருச்சு மேம். எங்க வீட்டு அடுப்பு எங்கம்மாவத் தவணையில திங்குது.” வகுப்பே சிரித்தது. பேய்ப் படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

நம் பேய்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்ட பெண்கள். பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். பேயாகி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி, ஊர்ச்சபை முன் அழுதுதான் பழிதீர்த்தாள். கொலை மெய், ஆனால் பொய்யழுகைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘நீலிக்கண்ணீர்’. கொன்றவன் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. அவளை வாதாடும் தத்துவவாதியாக்கியது சமண நூலான நீலகேசி.

எங்கள் பக்கத்துக் கோடாங்கி வாசலிலும் இதே கூத்துதான். பேய் பிடித்தவள் மாமனாரை ‘வாடா’ என்பாள், சுருட்டுக் கேட்பாள். சுற்றி நிற்பவர்கள் நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் பேச்சுக்கு மதிப்புண்டு. உடுக்கை ஓய்ந்ததும் மறுபடி அடுப்படி.

‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) முதலான நம் படங்கள் இந்த வாசலிலிருந்தே கிளம்பியவை. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவின் நியாயத்தைத் திரையரங்கமே கைதட்டி ஏற்றது பெரிய விஷயம். ஆனால் அந்த நியாயம் நிறைவேற அவளுக்கு ஒரு நாயகனின் உடம்பு தேவைப்பட்டது.

எனவே பேய்ப் படத்தில் சிரிக்கும் பெண்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். திரையில் ஒருத்தி தலைவிரித்து வரும்போது, பயப்படுகிறவன் பக்கம் நின்று சிரிக்கிறோமா, அவள் பக்கம் நின்றா? அவள் பக்கம் நின்றவர்களுக்கு அது பேய்ப் படமாக இருக்காது. வழக்கு விசாரணையாக இருக்கும்.