பொன்னரளிக் கணக்கு

எங்கள் சயான் குடியிருப்பின் மதில் ஓரம் பொன்னரளி பூக்கும். ஊரிலிருந்து அம்மா வந்தால் பூஜைக்குப் பறிப்பார். கூடவே பேத்திக்கு ஒரு அதட்டல், "காயைத் தொடாதே!" அந்த அதட்டலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே உண்டுங்க.

செடி நம்முடையதல்ல, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. டிஜிட்டாலிஸ் இலை உடல் வீக்கத்துக்கு மருந்தாவதை 1785-ல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் எழுதினார். பொன்னரளி விஷமும் அதே இனம்தான். அது வேலை செய்யும் விதம் புரிய வழி திறந்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. 1957-ல் நண்டு நரம்பில் சோடியம் பம்ப்பைக் கண்டார். 1997-ல் நோபல் கிடைத்தது.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தைப் பற்று வைத்து 2 பொட்டாசியத்தை வரவு வைக்கும். விஷம் பம்ப்பை அடைத்தால் செல்லுக்குள் சோடியம் தேங்கும். சோடியம் தேங்கினால் கால்சியம் வெளியேறுவது குறையும். கால்சியம் கூடினால் தசை இறுகும். இதயத்தசை மட்டுமல்ல, ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசையும்தான். அளவோடு கொடுத்தால் இதயத்துக்கு மருந்து. மிஞ்சினால் துடிப்பு தாளம் தப்பும்.

யாழ்ப்பாணத்தில் 1980-களில் இந்த அலரி விஷம் பல உயிர்களைக் கொண்டுபோனது. மாற்று மருந்து பலன் தருவதை 2000-ல் வெளியான கொழும்பு ஆய்வு காட்டியது. ஆனால் விலை மிக அதிகம். 2002-ல் வரத்து நின்றதும் சாவு கூடியது. வங்கியில் எத்தனையோ கணக்கு பார்த்திருக்கிறேன், இது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

குழந்தை காயை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சயான்காரர்களுக்கு லோகமான்ய திலக் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.