நின்று கொன்ற மருந்து

ஊடுகதிர்ப் படம் எடுக்குமுன் நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் சாயமருந்தை மருத்துவமனைகளில் 'காண்ட்ராஸ்ட்' என்பர். உண்மையில் அது சாயமன்று. கதிரைத் தடுத்து நிழல் விழச் செய்யும் பொருள். 'இது உடம்புக்குக் கேடு செய்யுமோ?' என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் காரணமற்றதன்று, அதன் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

1895ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் குடலும் சிறுநீரகமும் இரத்தக் குழாயும் கதிருக்கு ஏறக்குறைய ஒரே தன்மையனவாகத் தோன்றின. கதிரைத் தடுக்கும் பொருள் ஒன்றை உள்ளே செலுத்தினாலன்றி அவற்றைப் பிரித்தறிய இயலாது. 1896 ஜனவரியிலேயே வியன்னா நகரில், வெட்டியெடுக்கப்பட்ட கை ஒன்றின் குழாய்களில் பாதரசச் சேர்மம் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்துவிட்டனர். உயிரற்ற கைக்கு எதைச் செலுத்தினாலும் தீங்கில்லை. உயிருள்ளவனுக்கு எதைச் செலுத்துவது? இதுவே அன்று எழுந்த வினா.

1927இல் லிஸ்பன் நகரில் ஈகாஸ் மோனிஸ் என்னும் மருத்துவர் மூளையின் குழாய்களைப் படம்பிடிக்க முனைந்தார். முதலில் அவர் கையாண்ட ஸ்ட்ரான்ஷியம் புரோமைடால் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் சோடியம் அயோடைடுக்கு மாறி, அவ்வாண்டு ஜூன் திங்களில் வெற்றி கண்டார். எனினும் அம்மருந்தும் நோயாளிக்குக் கடும் வேதனை தந்தது.

இந்நிலையில் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று 'தோரோட்ராஸ்ட்' என்னும் மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. தோரியம் டையாக்சைடின் நுண்துகள்கள் மிதக்கும் கரைசல் அது. படம் கண்ணாடிபோல் தெளிவாக விழுந்தது. நோயாளிக்கு எரிச்சலில்லை, வாந்தியில்லை. மோனிசும் 1931இல் அதற்கு மாறினார். பல நாடுகளிலும் மருத்துவர்கள் அதனை விரும்பி ஏற்றனர். ஜப்பானில் போரில் காயமுற்ற வீரர்களுக்கும் அது செலுத்தப்பட்டது.

ஆனால் தோரியம் கதிரியக்கம் உடையது. அது பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். உடம்புக்குள் சென்ற துகள்களைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றின் உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொண்டன. சிறுநீரில் வெளியேற வழியில்லை. படம் எடுக்கச் சில நிமிடங்களே வேண்டியிருக்க, மருந்தோ வாழ்நாள் முழுவதும் உள்ளேயே தங்கி, ஆல்பாக் கதிரை ஓயாது வீசிக்கொண்டிருந்தது.

ஆபத்தை எவரும் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்தாய்வுக் குழு எச்சரித்தது. ஆயினும் கண்ணெதிரே துன்பம் தோன்றாததால் எச்சரிக்கை எடுபடவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் இம்மருந்தை ஏற்ற ஒருவரிடம் கல்லீரற் புற்று தோன்றியதை 1947இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். 1950களில் இம்மருந்தின் வழக்கு ஒழிந்தது. அதன் பின்னரும் ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் நோயாளிகளை நெடுங்காலம் கவனித்து வந்தனர். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் கல்லீரற் புற்றும் இரத்தப் புற்றும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டன. அன்று கொல்லும் நஞ்சை எளிதில் அறியலாம். இதுவோ நின்று கொன்ற நஞ்சு.

அயோடின் சேர்ந்த மருந்துகள் இதற்கு மாறானவை. அவை சிறுநீரில் வெளியேறிவிடும்; ஆயின் ஏற்றும்போதே எரியும். அவ்வெரிச்சலைப் பொருட்படுத்தியவர் சுவீடன் நாட்டுக் கதிர்ப்பட மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன். உப்பு மிகுந்த மேலைக் கடலில் நீந்தினால் கண் எரிகிறது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரிவதில்லை. மருந்தின் அடர்த்தி இரத்தத்தின் அடர்த்தியைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதே வேதனைக்குக் காரணம் என அவர் உணர்ந்தார். அதுவரை வழங்கிய மருந்து கரைந்ததும் உப்பைப்போல் இரு கூறாகப் பிரிந்தது. ஒரு கூறில் மட்டுமே அயோடின் இருந்தது. பிரியாத மூலக்கூறை ஆக்கினால் துகள்களின் எண்ணிக்கை பாதியாகும் என்பது அவர் கருத்து. 1969இல் அதனை வெளியிட்டார். நார்வே நாட்டு நிறுவனம் ஒன்று அதனைச் செயலாக்கியது.

1990இல் ஜப்பானில் 3,37,647 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பழைய வகையால் நூற்றுக்கு 12.66 பேருக்கு ஒவ்வாமை முதலிய தொல்லைகள் நேர்ந்தன. புதிய வகையால் 3.13 பேருக்கே நேர்ந்தன. கடுந்தொல்லை 0.22 விழுக்காட்டிலிருந்து 0.04 ஆகக் குறைந்தது.

எனினும் கதை முடிந்துவிடவில்லை. காந்தப் படத்திற்காக 1988இல் வந்த காடோலினிய மருந்துகள் பாதுகாப்பானவை என்றே எண்ணப்பட்டன. சிறுநீரகம் பழுதானவர் சிலருக்கு அவற்றால் தோல் இறுகும் கொடுநோய் வருவதாக 2006இல்தான் தெரிந்தது. பின்னர் அத்தகையோருக்கு அவற்றுட் சிலவகை தவிர்க்கப்பட்டன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மருந்தின் நன்மையை, ஏற்றும் நேரத்துச் சுகத்தைக்கொண்டு அளக்கலாகாது. அது எவ்வழியே வெளியேறும், எவ்வளவு காலம் தங்கும் என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும். ஆகவே, படமெடுக்கச் செல்வோர் தமக்கு முன்னர் சாயமருந்தால் ஒவ்வாமை நேர்ந்ததுண்டா, ஆஸ்த்துமா உண்டா, சிறுநீரகம் நலமா என்பவற்றை மறைக்காமல் கூறுக. அஞ்சி மருந்தை மறுத்து, நோயை மறைந்திருக்க விடுவதும் கேடே. கேட்டறிந்து ஏற்பதே அறிவுடைமை.