குமாஸ்தாவின் நாற்காலியிலிருந்து தையல் எந்திரம் வரை: மும்பைத் தமிழரும் உடற்பருமனும்

உடற்பருமன் பெரும்பாலும் தனிமனிதரின் நாவடக்கமின்மையாகவோ சோம்பலாகவோ பேசப்படுகிறது. 'குறைவாக உண்ணுங்கள், தினமும் நடங்கள்' என்பதோடு அறிவுரையும் நின்றுவிடுகிறது. ஆனால் ஒருவர் நின்று உழைப்பதா அமர்ந்து உழைப்பதா, எவ்வகை உணவு அவர் கைக்கு எட்டுகிறது, நடப்பதற்கு இடம் உண்டா என்பவற்றை அவர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று குடியிருப்புகளின் வரலாறு இதற்குச் சான்றாகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பம்பாய் சென்ற தமிழர் பலருக்குத் தாராவியின் தோல் பதனிடும் கூடங்கள் பிழைப்பளித்தன. ஈரத்தோலைச் சுமப்பதும், தொட்டியில் ஊறவைத்துப் புரட்டுவதும், சதையைச் சுரண்டி நீக்குவதும் முழு உடலையும் வருத்தும் வேலைகள். மாட்டுங்காவின் கதை வேறு. 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோயைத் தொடர்ந்து 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கியது. அங்குக் குடியேறிய தென்னிந்தியருள் ஆங்கிலக் கல்வி பெற்ற குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் மிகுதி. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இவ்வகுப்பின் அடையாளம். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் எழுந்தபின், அலுவலகத் தமிழரின் குடியிருப்பு செம்பூருக்கும் பரவியது. மொழி ஒன்று; ஆனால் சாதியும் கல்வியும் சிலரை நாற்காலியிலும் சிலரைத் தோல் தொட்டியருகிலும் நிறுத்தின.

இவ்வேறுபாடு உடலில் எவ்வாறு பதிகிறது என்பதை விளக்கும் முன்னோடி ஆய்வு இந்தியாவிலேயே நிகழ்ந்தது. ஜீன் மேயரும் அவர் குழுவினரும் மேற்கு வங்கச் சணல் ஆலை ஒன்றின் ஊழியர்களை ஆராய்ந்து 1956இல் முடிவுகளை வெளியிட்டனர். உழைப்புக் கூடியவர்கள் அதற்கேற்ப மிகுதியாக உண்டனர், எடை ஏறவில்லை. அமர்ந்தே பணியாற்றியவர்களோ உழைப்புக் குறைந்தும் குறைவாக உண்ணவில்லை. அவர்களின் எடையே மிகுந்திருந்தது. உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பசி அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை என்பதே அவ்வாய்வின் பாடம்.

முற்காலத்தில் இது நாற்காலிக்காரரின் சிக்கலாக இருந்தது. பின்னர் நகரின் தொழிலமைப்பே மாறியது. 1982ஆம் ஆண்டின் நெசவாலை வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைத் தொழில் சரிந்தது. இறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவநாருக்கு மாறியபின் தாராவியின் தோல் பதனிடுதலும் படிப்படியாக ஒடுங்கியது. அவ்விடத்தைத் தோற்பை வெட்டுதலும் ஆடை தைத்தலும் நிரப்பின. துண்டுக்கூலி முறையில் ஒருவர் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமான இழப்பு. ஆகவே அவர் நெடுநேரம் குனிந்து அமர்ந்திருக்கிறார். அருகில் மலிவாகக் கிடைக்கும் வடா பாவும் சர்க்கரைத் தேநீரும் வேலையை நிறுத்தாமல் பசியாற்றுகின்றன. 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமயமானபின் எண்ணெயில் பொரித்த உணவு மேலும் எளிதாயிற்று. உழைப்பாளியின் பசிக்கு ஏற்ற உணவு நிலைத்தது. அதை எரித்த உழைப்பு நிலைக்கவில்லை.

இதனுடன் உடலியல் மரபும் சேர்கிறது. கருவில் ஊட்டம் குறைந்தவர் பின்னாளில் நீரிழிவுக்கு எளிதில் இலக்காவர் என்னும் கருதுகோளை ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்தனர். புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் ஆய்வாளர் யுட்கினும் 2004இல் தம் உடல்களையே ஒப்பிட்டனர்: இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3, உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலும் கொழுப்பைச் சுமக்கக்கூடும். எனவேதான் இந்திய வல்லுநர்கள் உடற்பருமனுக்கான எல்லையை 30 என்பதிலிருந்து 25 ஆகக் குறைத்தனர்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, குறியெண் 25ஐ எட்டிய அல்லது கடந்த பெண்கள் தமிழ்நாட்டில் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. மகாராஷ்டிரத்தில் 2019-21இல் அது 23.4 விழுக்காடு. ஐந்தாண்டில் ஒரு மாநிலமே சோம்பேறியாகிவிட்டது என்று எவரும் வாதிட முடியாது. ஏழை நாடுகளில் வசதியுள்ளோரிடமும், செல்வ நாடுகளில் குறிப்பாக வசதியற்ற பெண்களிடமும் பருமன் மிகுதி என்று சோபலும் ஸ்டன்கார்டும் 1989இல் காட்டினர். வளரும் பொருளாதாரத்தில் இச்சுமை படிப்படியாகக் கீழிறங்குகிறது.

இங்குதான் நிலம் அரசியலாகிறது. மாட்டுங்காவினருக்கு நடக்க 'ஃபைவ் கார்டன்ஸ்' பூங்காக்கள் உண்டு; அவை திட்டமிட்டு ஒதுக்கப்பட்டவை. தாராவியின் சந்துகளில் இருவர் எதிரெதிரே கடப்பதே கடினம். வேலையும் சமையலும் உறக்கமும் ஒரே அறையில் நிகழும் பெண்ணிடம் 'நடைப்பயிற்சி செய்க' என்பது அறிவுரையன்று. அவள் நிலையை அறியாமை. தாராவி மறுசீரமைப்பை வீட்டின் சதுர அடியால் மட்டும் அளப்பது போதாது. திறந்தவெளி எவ்வளவு, பணியிடம் எங்கே, வேலை நேரம் எத்தனை என்பவையும் பொதுச் சுகாதாரக் கேள்விகளே.