மாலுமிகள் எண்ணிய கோபுரங்கள்

மாமல்லைக்குச் செல்லும்போதெல்லாம் எங்கள் குழுவுக்குள் ஒரு வழக்கு எழும். கடற்கரைக் கோயிலை எத்திசையிலிருந்து பார்ப்பது முறை? நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரும் மேற்கிலிருந்துதான் செல்கிறோம். முதலில் எதிர்ப்படுவது சிறிய விமானம். பெரியது அதற்குப் பின்னே நிற்கிறது. ஆனால், அப்பெரிய விமானத்தின் கருவறை வாயிலோ கிழக்கே, கடலை நோக்கித் திறந்திருக்கிறது. அப்படியானால் நாம் விதவிதமாக நிழற்படம் எடுத்து மகிழ்வது கோயிலின் முதுகைத்தான்! இராஜசிம்மன் காட்ட விரும்பிய முகத்தை, விடியலில் கரை திரும்பும் மீனவர்களே நாள்தோறும் காண்கிறார்கள்.

ஏறத்தாழ பொ.ஆ. 700 முதல் 728 வரை ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மனின் கட்டுமானம் இது. பெரிய விமானத்தின் உயரம் சுமார் 60 அடி. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் 452 மீட்டர், துபாயின் புர்ஜ் கலீபா 828 மீட்டர் என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு 60 அடி என்ன பெரிது? ஓர் ஆறு மாடிக் குடியிருப்பின் உயரம், அவ்வளவே. ஆயினும், தட்டையான இந்த மணற்கரையைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவனை எண்ணிப் பாருங்கள். தொடுவானில் குன்றையடுத்து அவன் கண்ணுக்குத் தெரிவது இவ்விரு விமானங்களே. பிற பல்லவ விமானங்களைப் போல அகன்று அமராமல் இவை ஒடுங்கி உயர்ந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. துறைமுகத்துக்கு வந்த அயலவனிடம், 'இது பல்லவன் நாடு' என்று அறிவிக்கும் எண்ணமும் மன்னனுக்கு இருந்திருக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம். கோயில்களுக்கு அவன் விருதுப் பெயர்களே வழங்கின: க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராஜசிம்ம பல்லவேசுவரம். இரண்டுக்கும் இடையே, பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள். இப்பெயர்களை நாம் அறிவது முதலாம் இராஜராஜனின் கல்வெட்டு அவற்றைக் குறித்து வைத்ததால்தான்.

பின்னாளில் வந்த ஐரோப்பிய மாலுமிகளுக்கு மன்னனின் விருதுகள் தெரியாது. கரையடையாளமாகக் கோபுரங்களை எண்ணினார்கள்; ஊருக்கே 'ஏழு பகோடாக்கள்' என்று பெயரிட்டார்கள். எவற்றை எண்ணி ஏழென்றார்கள் என்பதில் இன்றளவும் அறிஞர்களிடையே ஒற்றுமையில்லை. நிற்பது ஒன்றே என்றால் மற்ற ஆறும் எங்கே? இந்தக் கேள்விக்கு ஒரு கதை விடையாயிற்று. 1772-லும் 1776-லும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், கடலுக்குள் கோபுர முடிகள் தெரிந்ததாகவும், அவற்றின் செப்புத் தகடுகள் காலைக் கதிரில் மின்னியதாகவும் ஊரார் சொல்லக் கேட்டு எழுதினார். அக்கட்டுரை 1788-இல் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. 1810-இல் ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் சதே, மூழ்கிய நகரைத் தம் 'கெஹாமாவின் சாபம்' காவியத்துக்குள் கொண்டுபோனார். நிற்கும் கோபுரத்தைவிட நில்லாத ஆறுக்கே புகழ் மிகுந்தது. இன்றும் வழிகாட்டிகள் அந்த ஆறைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கரையடையாளப் பணி மெல்லக் கைமாறியது. 1887-இல் குன்றின் மேலுள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில் விளக்கு வைத்தார்கள். (உழக்கு எண்ணெயால்தான் இறைவனுக்கு இப்பெயர் என்று சொல்வாருண்டு, கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவே.) 1904 முதல் அருகிலேயே எழுந்த கற்கோபுரக் கலங்கரை விளக்கம் அவ்வேலையை ஏற்றது. மாலுமிக்கு இனிக் கடற்கரைக் கோயில் தேவையில்லை, நாட்டுக்குத் தேவைப்பட்டது. 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் மாமல்லை இடம்பெற்றது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது, ஒளியூட்டப்பட்ட விமானங்களின் படம் உலகெங்கும் சென்றது. 2021-22-இல் இங்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை தாஜ்மகாலையும் விஞ்சியது. கொள்ளைநோயால் பயணங்கள் அருகியிருந்த ஆண்டு அது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

இனி அந்த ஆறு கோபுரங்கள். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனமும் ஓர் ஆங்கிலேயக் குழுவும் கரைக்கப்பால் நீருக்கடியில் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, கற்கள் வரிசையாய்த் தெரிந்ததைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். மறு ஆண்டு தொல்லியல் துறையும் கடற்படையும் மூழ்கித் தேடின. சுவர்த் துண்டுகள் உண்டு, வெட்டிய கற்கள் உண்டு. செப்பு வேய்ந்த கோபுரங்கள் இல்லை.

அதே அலை, வடக்கே சில கல் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தில் ஒரு கல்வெட்டுப் பாறையை மணலிலிருந்து விடுவித்தது. அது திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டது. அகழ்ந்தபோது முருகன் கோயிலே வெளிப்பட்டது: மேலே பல்லவர் காலக் கல்வேலை, கீழே அதனினும் பழைய செங்கல் கட்டடம். அடிப்பகுதியைச் சங்ககாலத்தது என்பார் அகழ்ந்தோர், மறுப்போரும் உளர். எந்த மாலுமியும் எண்ணாத கோயில் இது.  வடக்கு நோக்கிய அதன் முன்னே ஒரு கல்வேல் நிற்கிறது. கடற்கரைக் கோயிலில் சீட்டுக்கு வரிசை நீண்டிருந்த ஒரு ஞாயிறு காலையில் நாங்கள் அங்கே சென்றோம். எங்களைத் தவிர அவ்விடத்தில் வேறு எவருமில்லை.