நின்ற வண்டியின் விளக்கு

திருத்தணிகை என்றதும் அன்பர்களுக்கு மலையும், ஆண்டின் நாள்களை நினைவூட்டும் 365 படிகளும், ஆடிக் கிருத்திகைக் காவடிகளும் கண்முன் தோன்றும். எனக்கோ அவற்றோடு அவ்வூர் ரயில் நிலையமும் தோன்றும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த அந்நிலையத்தில் இளமையில் நான் கண்ட காட்சி ஒன்றே இப்பேச்சுக்குத் தோற்றுவாய்.

இரவு வண்டி ஓடிவரும்போது பெட்டிகளில் விளக்குகள் பளிச்சென்று எரியும். வண்டி நின்றதும் சற்றே மங்கும், ஆனால் அணைந்துவிடமாட்டா. வண்டி மீண்டும் வேகம் பெற்றதும் பழைய ஒளி திரும்பும். பெட்டியின் அடியில், சக்கர அச்சோடு பட்டையால் பிணைக்கப்பட்ட டைனமோ ஒன்று உண்டு. வண்டி ஓடுங்கால் அது விளக்குகளுக்கும் மின்சாரம் தரும். பக்கத்திலுள்ள பாட்டரியையும் நிரப்பும். வண்டி நின்றால், தானே இயங்கும் இணைப்பு டைனமோவை விலக்கிவிடும். விளக்கைத் தாங்கும் பொறுப்பு பாட்டரியைச் சேரும். 1859-இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே என்பவர், தீர்ந்தபின் மீண்டும் நிரப்பத்தக்க ஈய பாட்டரியைக் கண்டார். அதைக் கொண்டு 1890-களில் இங்கிலாந்தின் ஸ்டோன் கம்பெனியார் இந்த ரயில் விளக்கு முறையை வகுத்தனர்.

இதே முறை பிற்காலத்தில் நம் வீட்டுக்குள் வந்தது. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாள்களில் வீடுதோறும் இன்வெர்ட்டர் குடிபுகுந்தது. ஊர் மின்சாரம் உள்ளபோது அதனை அப்படியே வழிவிட்டுக்கொண்டு, தன் பாட்டரியையும் நிரப்பிக்கொள்வது அதன் இயல்பு. ஊர் மின்சாரம் நின்றால், பாட்டரியின் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக ஆக்கித் தரும்.

இன்று அதுவே கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாகிவிட்டது. ஈயத்துக்கு மாறாக, இதிற் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி அமைந்திருக்கும். 1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் என்ற பேரறிஞரோடு பாடி, நஞ்சுண்டசுவாமி என்னும் இந்தியரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு அடிப்படை. பாட்டரிக் கலையைப் பேணும் நிலையம் நம் நாட்டிலும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை 1953 ஜனவரி 14-ஆம் நாள் திறந்து வைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன்; அவரோ 1888-இல் இத்திருத்தணியில் பிறந்தவர்.

இத்தகைய பெட்டி ஒன்றைத் திருத்தணியில் வாழும் என் தமக்கையார் வீட்டில் வாங்கி வைத்தோம். அவருக்கு மூச்சுத் திணறல். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் கருவி இரவு பகலாக ஓடவேண்டும். அதற்கு ஏறக்குறைய 350 வாட் தேவை. பெட்டியோ தன் பாட்டரியிலிருந்து 1000 வாட் வரை தரவல்லது. ஊர் மின்சாரத்தை வழிவிடும்போது 2000 வாட் வரை தாங்கும். பல நாள் குறையின்றி நடந்தது.

ஒரு மாலை, வீட்டுப் பிள்ளை ஒருவன் அதே பெட்டியில் 750 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினான். மின்விசிறியும் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் 1175 வாட். ஊர் மின்சாரம் உள்ளவரை யாதொரு தடையும் இல்லை. திடீரென்று ஊர் இருண்டது. பெட்டி சில விநாடி தாங்கியது. பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அனைத்தையும் நிறுத்திவிட்டது. தமக்கையாரின் கருவியும் ஓய்ந்தது. பக்கத்தில் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் இருந்ததால் பிழைத்தோம்.

குற்றம் பெட்டியினுடையதன்று; வழிவிடும் வலிமையை அதன் சொந்த வலிமையென்று மயங்கிய எங்களுடையது. ரயில் பெட்டியில் விளக்கும் விசிறியும் தவிர வேறெதுவும் அந்தப் பாட்டரியோடு இணைக்கப்படவில்லை. வீட்டு இன்வெர்ட்டரிலும் மின்பணியாளர் சில விளக்கு, விசிறிகளுக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்து, மாவரைக்கும் இயந்திரத்தை விலக்கி வைப்பார். அந்தப் பிரிவே நமக்குக் காவலாயிருந்தது. கையில் தூக்கும் பெட்டியிலோ துளைகள் திறந்தே கிடக்கின்றன. காவல் நம் கையிலேயே உள்ளது.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஊர் மின்சாரத்திலிருந்து பாட்டரிக்கு மாற இப்பெட்டிகள் பல 10 முதல் 30 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். விளக்குக்கு அது ஒரு கண்சிமிட்டல். சில கணிப்பொறிகளோ அதற்குள் அணைந்துவிடலாம். இடைவெளியே கூடாதெனில், எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரத்தை ஆக்கித் தரும் ஆன்லைன் யு.பி.எஸ். வேண்டும். அடுத்தது காலக்கணக்கு. 1000 வாட்-மணி என்று எழுதிய பெட்டியில், மாற்றத்தில் வீணாவது போக 850 அளவே கிடைக்குமென்று கொள்வோம். 350 வாட் கருவிக்கு அது இரண்டரை மணியைக்கூட எட்டாது. ஓர் இரவுக்குப் போதாது. சிலிண்டர் வருமட்டும் நம்மைத் தாங்கும், அவ்வளவே.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பெட்டி வாங்கிய அன்றே, பகலில், மாற்று ஏற்பாட்டை அருகில் வைத்துக்கொண்டு, சுவரிலுள்ள செருகியைப் பிடுங்கிப் பாருங்கள். எது எரிகிறது, எது நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். ஓடும் வண்டியின் விளக்கு எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும். நாம் அறியவேண்டியது நின்ற வண்டியின் விளக்கையே.