அஞ்சவைத்த அடுப்பு

துப்பாக்கிக்கு அஞ்சிய அரசுகளை வரலாறு அறியும். துண்டறிக்கைக்கு அஞ்சிய அரசுகளையும் அறியும். சிறுவர் தட்டிலே வைத்த முட்டைக்கும் ரொட்டிக்கும் அஞ்சிய அரசு உண்டா? உண்டு! கோதுமை மலையெனக் குவியும் அமெரிக்க நாட்டிலேதான் அந்த விந்தை நடந்தது.

கலிபோர்னியா மாநிலத்துத் துறைமுக நகரம் ஓக்லாந்து. இரண்டாம் உலகப் போரின்போது லூசியானா, டெக்சாஸ் முதலிய தென்மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினர். கப்பல் கட்டும் தளங்கள் அவர்களை வா என்று அழைத்தன. போர் ஓய்ந்தது, வேலையும் ஓய்ந்தது. தங்கிவிட்ட மக்களுக்கு மிஞ்சியவை நெரிசல் மிகுந்த குடியிருப்பும் காவலரின் கெடுபிடியும் வறுமையுமே.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. உணவு விடுதிகளிலும் பிற பொது இடங்களிலும் நிறத்தின் பேரால் விலக்குதல் குற்றமென 1964-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு வாக்குரிமைக்குச் சட்டக் காவல் கிடைத்தது. பெருமைக்குரிய வெற்றிகள், ஐயமில்லை. ஆனால், விடுதியின் கதவு திறந்தபின் உள்ளே சென்று உண்ணக் காசு வேண்டாமா? பள்ளியிலே இடம் கிடைத்தபின், வெறும் வயிற்றோடு அமர்ந்த பிள்ளைக்குப் பாடம் மனத்திலே பதியுமா?

இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தது கருஞ்சிறுத்தைக் கட்சி. ஹியூ நியூட்டன், பாபி சீல் எனும் இரு இளைஞர் 1966 அக்டோபரில் ஓக்லாந்திலே தோற்றுவித்த கட்சி அது. காவலரின் கொடுமையைக் கண்காணிக்கத் துப்பாக்கி ஏந்தித் தெருவில் நின்றவர்கள், 1969 சனவரியில் கரண்டியும் ஏந்தினர். புனித அகஸ்டீன் மாதாகோவிலின் பாதிரியார் ஏர்ல் நீல் இடம் தந்தார். அக்கோவிலைச் சேர்ந்த ரூத் பெக்ஃபோர்ட் என்னும் அம்மையார் திட்டத்தை வகுக்கத் துணைநின்றார். முதல் நாள் வந்த பிள்ளைகள் 11 பேர். அந்த வாரம் முடிவதற்குள் 135 பேர்!

சம்பளம் பெறாத தொண்டர்கள் விடியுமுன் எழுந்தனர். தாய்மாரும் மாணவரும் அவர்களோடு அடுப்படியில் நின்றனர். எது சத்துள்ள உணவு என்று அறிந்தவர்களைக் கேட்டு, முட்டை, வாட்டிய ரொட்டி, மக்காச்சோளக் களி, பால், பழம் எனப் பரிமாறினர். பகுதிக் கடைக்காரரிடம் பொருள் திரட்டினர். ஏழைகளிடம் வாணிகம் செய்து வாழ்ந்தும் எதுவும் தர மறுத்த கடைகளைப் புறக்கணிக்குமாறு மக்களிடம் கூறினர். ஆண்டு முடிவதற்குள் பல நகரங்களில் பல்லாயிரம் பிள்ளைகள் காலையுணவு உண்டு பள்ளி சென்றனர்.

அன்னமிடுவது உலகுக்குப் புதிதன்று. புண்ணியக் கணக்கில் வரவு வைக்க அன்னமிடுவோர் எந்நாட்டிலும் உண்டு. அங்கே உண்பவன் தலை குனிய வேண்டும். ஊட்டுபவன் பெயர் ஓங்க வேண்டும். ஓக்லாந்துப் பந்தியிலே, “பசியாற உண்பது உன் உரிமை, அதை உனக்குத் தராதது ஆட்சியின் குற்றம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அச்சம் பிறந்தது அங்கேதான்!

கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவர், 1969 மே மாதத்தில் தம் அலுவலர்க்கு எழுதினார். கட்சியின் செயல்களிலேயே செல்வாக்கு மிக்கது காலையுணவுத் திட்டம், ஆகவே கட்சியை ஒழிக்கும் முயற்சிக்கு அதுவே பெரிய இடர் என்பது அவர் கருத்து. கட்சித் தலைமையே வேண்டாமென ஒதுக்கிய வன்முறைப் படப் புத்தகமொன்றை, உணவுப் பொருள் வழங்கியோர்க்குப் பெயர் மறைத்து அனுப்பினர் அவர் துறையினர். சிகாகோவில் பிள்ளைகளுக்கு உணவிட ஏற்பாடு செய்தவர்களுள் முன்னின்ற பிரெட் ஹாம்ப்டன், 1969 டிசம்பர் 4 அன்று விடியுமுன் காவலர் நடத்திய சோதனையில், படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 21. புலனாய்வுத் துறையின் மறைமுகச் சூழ்ச்சிகளைப் பின்னர் 1976-இல் அமெரிக்க மேலவைக் குழுவே அம்பலப்படுத்தியது.

கட்சி குற்றமற்றதெனக் கூறுவார் யாருமிலர். உட்பகையும் வன்முறையும் அதை அரித்தன. 1982-இல் அது மறைந்தது. ஆனால் அடுப்பு மூட்டிய அனல் ஆறவில்லை. 1966-இல் சோதனை முயற்சியாக அரசு சிறு அளவில் தொடங்கிய பள்ளிக் காலையுணவுத் திட்டம், 1975-இல் நிலையான திட்டமாயிற்று. அதற்குப் பலர் பாடுபட்டனர். ஆட்சியை வெட்கப்படச் செய்தவர்களுள் இந்த அடுப்படித் தொண்டர்களும் உளர்.

தொண்டர் நடத்தும் உணவுக்கூடத்தைப் போற்றுவோம். அதன் வாயிலிலே நிற்கும் வரிசையையும் எண்ணிப் பார்ப்போம். அங்கே நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஆட்சியின் கணக்கிலே விடுபட்ட ஓர் இலக்கம். தொண்டர் ஊட்டலாம் ஒருநாள், ஓராண்டு. அவர் கை ஓயும் நாளிலும் பிள்ளைக்குப் பசிக்குமே! அந்த நாளிலும் தட்டு நிறையவேண்டுமானால், இரக்கத்தால் பிறந்த சோறு சட்டத்தால் நிலைபெற வேண்டும்.