வன்னியின் வரண்ட நிலமும் வீட்டு மின்னிணைப்பு விதிகளும்

இலங்கையின் வீட்டு மின்னிணைப்பு விதிகள் பிரித்தானிய மரபிலிருந்து வந்தவை. மின்விளக்கால் வீடுகளில் தீ மூளுவதைத் தடுக்க 1882 இல் இலண்டனில் வகுக்கப்பட்ட விதிகளே பதிப்புக்குப் பதிப்பு விரிந்து இங்கும் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் வன்னியின் பெரும்பகுதியில் அவை வீட்டுக்கு வீடு நடைமுறையானது போர் முடிந்த பின்னரே.

1990 இன் பின் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகி, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டுத் திரியேற்றிய சிக்கன விளக்கே பல வீடுகளின் வெளிச்சமாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அக்காலத்திலேயே. 2009 இன் பின் 'வடக்கின் வசந்தம்' திட்டத்தின் கீழ் ஊர்களுக்குக் கம்பங்கள் நடப்பட்டன. ஜப்பானியக் கடனுதவியுடன் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை 132 கிலோவோல்ற் மின்பாதையும் அமைந்தது.

புதிதாக எழுந்த வீடுகளில் வயரிங் முதற்கம்பியிலிருந்தே விதிப்படி தொடங்க முடிந்தது பெரும் பேறாகும். விளக்கின் சுவிட்ச் உயிர்க்கம்பியிலேயே இருக்க வேண்டும்; அது நடுநிலைக் கம்பியில் இருந்தால், அணைத்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ற் நிற்கும், குமிழ் மாற்றுபவரின் விரல் அதைத் தொடும். முற்றத்து விளக்குக்கு நிலத்தடியில் செல்லும் ஆமர் கேபிளில், அதாவது உருக்குக் கம்பிகள் கவசமாகச் சுற்றிய வடத்தில், அக்கவசத்தையும் முனையிலுள்ள கிளாண்ட் வழியே புவித்தொடுப்புடன் பிணைத்தாக வேண்டும். பிணைக்காவிடின், மண்வெட்டி பட்டு உள்ளுறை கிழிந்ததும் காவலாக இருந்த உருக்கே மின்னேறிய உலோகமாகிவிடும்.

வன்னியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஈரமான மண்ணில் நன்கு வேலை செய்யும் புவித்தொடுப்புக் கம்பி, மாதக்கணக்கில் மழை காணாத வரண்ட மண்ணில் உயர்ந்த மின்தடையைச் சந்திப்பதால், கசியும் மின்னோட்டம் பியூசை எரிக்கும் அளவுக்கு ஏறாமல் போகலாம். ஆகவே 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இங்கு வெறும் கூடுதற் காவலன்று. மண் காய்ந்த மாதங்களில் பாதுகாப்பின் பெரும்பகுதி அதையே சார்ந்திருக்கிறது. அது அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பது எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று. விழுவதற்குக் காரணமான கசிவைக் கண்டறிவதே மின்வேலையாளின் கடமை.